சிம்கோ ஏரியில் சொந்தச் சாமான்களுடன் ஐஸ் தூண்டில்: 2000 டொலரை எந்த வரிசையில் செலவழிப்பது?

உங்கள் கேள்வி இதுதான்: ஒன்ராறியோவின் மார்க்கம் (Markham) நகரில் இருக்கும் மூன்று நண்பர்கள், கடந்த இரண்டு குளிர்காலங்களிலும் உறைந்த சிம்கோ ஏரியில் வாடகைக் குடிலில் இருந்து மீன் பிடித்திருக்கிறீர்கள். இந்தப் பருவத்தில் சொந்தச் சாமான்களுடன் நடந்தே போக நினைத்து 2000 டொலர் ஒதுக்கியிருக்கிறீர்கள். ஒரு நண்பர் கார்மின் லைவ்ஸ்கோப் என்ற, ஒலியால் மீனைக் கண்டு திரையில் காட்டும் சோனாரை வாங்கச் சொல்கிறார், மற்றவர் ஐஸைத் துளைக்க ட்ரில்லில் பூட்டும் ஆகர்தான் முதலில் என்கிறார், எது சரி? இரண்டு பேரும் பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள். நீங்கள் முடிவுசெய்ய வேண்டியது வேறொன்று. இதுவரை ஐஸின் தடிப்பைப் பார்த்தது குடில்காரர். ஐஸில் வெடிப்பு எங்கே என்று அறிந்து பாதையை மாற்றியது, துளை போட்டது, குடிலைச் சூடாக்கியது, காற்று திரும்பியதும் உங்களைக் கரைக்குக் கொண்டுவந்தது எல்லாம் அவர்தான். இனி அந்த வேலைகள் உங்கள் தலையில். அவற்றில் எதைத் தவறவிட்டால் உயிர் போகும், எதைத் தவறவிட்டால் மீன் மட்டும் போகும் என்று பிரித்தால் வாங்கும் வரிசை தானாக வந்துவிடும். லைவ்ஸ்கோப் அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது.

ஐஸில் இருந்து தொடங்குவோம். தெளிவான, கருமை கலந்த நீல நிறத்தில் தெரியும் புது ஐஸ் 10 சென்றிமீற்றர் இருந்தால் ஒரு ஆள் நடக்கலாம் என்பது வட அமெரிக்காவில் பரவலாகச் சொல்லப்படும் அளவு. கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் தனியாள் நடக்க 15, கூட்டமாக நிற்க 20, ஸ்னோமொபைலுக்கு 25 சென்றிமீற்றர் என்று இன்னும் இறுக்கமாகச் சொல்கிறது. நீங்கள் மூன்று பேர், இழுத்துவரும் சாமான், ஒரே இடத்தில் மணிக்கணக்காக இருக்கப் போகிறீர்கள். ஆகவே நடந்து போக 15-ஐயும், மூவரும் சேர்ந்து இருக்கும் இடத்துக்கு 20-ஐயும் உங்கள் அடிமட்டமாக வையுங்கள். பால்போல வெளுத்த ஐஸ், அதாவது பனி நனைந்து உறைந்து உண்டானது, தெளிவான ஐஸின் பாதி பலத்துக்கு மேல் தாங்கும் என்று நம்பக்கூடாது. அது 30 இருந்தால்தான் மற்றதன் 15-க்குச் சமம். இவை எல்லாம் வழிகாட்டி எண்கள், உத்தரவாதம் அல்ல. ஒரே குடாவில் ஓரிடத்தில் 20 இருக்கும், நூறு மீற்றர் தள்ளி ஊற்றோ நீரோட்டமோ உள்ள இடத்தில் 6 இருக்கும். சிம்கோவில் ஹாலந்து ஆறு வந்து விழும் பக்கம், குச்சிச்சிங் ஏரிக்குத் தண்ணீர் ஓடும் அதர்லி என்ற ஒடுங்கிய நீர்வழி போன்ற இடங்களை எந்த மாதத்திலும் நம்ப வேண்டாம்.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது ஸ்பட் பார். நம்முடைய அலவாங்குதான், ஒரு முனை மட்டும் உளிபோல் தட்டையாகக் கூர்ப்பிக்கப்பட்டிருக்கும், மறுமுனையில் கையில் மாட்டிக்கொள்ளக் கயிறு இருக்கும். அந்தக் கயிற்றை மாட்டாமல் குத்துபவர்களின் அலவாங்கு ஏரியின் அடியில் கிடக்கும். முன்னால் போகிறவர் ஒவ்வொரு சில அடிக்கும் ஒருமுறை, கால் வைக்கப் போகும் இடத்தில் ஓங்கிக் குத்த வேண்டும். இரண்டு மூன்று குத்துக்கும் ஐஸ் தாங்கி "டொக்" என்று இறுகிய சத்தம் வந்தால் நடக்கலாம். ஒரே குத்தில் தண்ணீர் மேலே வந்தால் அங்கேயே நின்று, வந்த அடிச்சுவட்டிலேயே திரும்புங்கள். பக்கவாட்டில் சுற்றிப் போகப் பார்ப்பதுதான் வழமையான பிழை. மற்ற இருவரும் பத்து மீற்றர் இடைவெளி விட்டு, அதே தடத்தில் வர வேண்டும். ஐம்பது அறுபது மீற்றருக்கு ஒருமுறை சோதனைத் துளை போட்டு, அளவு நாடாவின் கொக்கியை ஐஸின் அடிப்பக்கத்தில் மாட்டி அளந்து பாருங்கள். கண்ணால் மதிப்பிட்டால் எல்லோரும் கூட்டித்தான் சொல்வார்கள்.

அடுத்தது கழுத்தில் தொங்கும் ஐஸ் பிக். இரண்டு கைப்பிடி, ஒவ்வொன்றிலும் ஒரு கூரான ஆணி, சோடி 15 டொலருக்குள் கிடைக்கும். ஆளுக்கொரு சோடி. பைக்குள் போட்டு வைத்தால் பயனில்லை, ஜக்கெட்டுக்கு வெளியே நெஞ்சில் தொங்க வேண்டும். விழுந்தவர் வெறும் கையால் நனைந்த ஐஸைப் பற்ற முடியாது. வந்த திசைக்குத் திரும்பி, ஏனென்றால் அதுவரை உங்களைத் தாங்கிய ஐஸ் அந்தப் பக்கம்தான் இருக்கிறது, ஆணிகளைக் குத்திக் கால்களை நீச்சலடிப்பதுபோல் அடித்து உடம்பை மேலே தள்ளி, எழுந்து நிற்காமல் உருண்டு விலக வேண்டும். மனிற்றோபாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீர் பற்றிச் சொல்லிவரும் கணக்கு 1-10-1: மூச்சை அடக்கிக்கொள்ள ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்க ஏறத்தாழ பத்து நிமிடம், குளிரில் நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம். முதல் நிமிடத்தில் பதறி ஐஸை அடிக்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டால் மிச்சப் பத்து நிமிடம் வெளியே வரப் போதும் என்பதுதான் இதன் பொருள். இந்த முதல் நிமிடத்தில் தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்திருப்பது மிதக்கும் உடுப்பு.

மிதக்கும் ஐஸ் உடுப்புகள் கடந்த பத்து வருடங்களில் நன்றாக முன்னேறிவிட்டன, வசதியானவை, ஆனால் நல்லது ஒன்றே பல நூறு டொலர். மூன்று வாங்கினால் உங்கள் காசு அங்கேயே முடிந்துவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள்: "மிதக்க உதவும்" என்று எழுதியிருப்பதும் "அங்கீகரிக்கப்பட்ட உயிர்காப்பு உடை" என்று எழுதியிருப்பதும் ஒன்றல்ல. பல ஐஸ் உடுப்புகள் முதல் வகை, கனடியப் போக்குவரத்துத் துறையின் அங்கீகார முத்திரை அவற்றில் இருக்காது. இந்த வருடத்துக்கு மலிவான வழி, கோடையில் படகில் போடும் நுரை நிரப்பிய உயிர்காப்பு அங்கியை, அளவு கொஞ்சம் பெரிதாக எடுத்து, குளிர் ஜக்கெட்டுக்கு மேலே போட்டுக்கொண்டு நடப்பது. பார்க்க அழகாக இருக்காது. வாயு நிரம்பி ஊதும் வகையை இதற்கு எடுக்காதீர்கள், உறைநிலைக்குக் கீழே அது ஊதும் வேகம் குறையும். இவற்றோடு 15 முதல் 20 மீற்றர் மிதக்கும் கயிறு ஒன்று, காலணிக்கு இரும்புப் பல் ஆளுக்கொரு சோடி. காற்று பனியைத் துடைத்துவிட்ட ஐஸில், இடுப்பு எலும்பு முறிவதற்கு ஏரிக்குள் விழவே தேவையில்லை.

இனி துளை. பேர்ச் என்ற சின்ன மீனைப் பிடிக்க 6 அங்குலம் போதும், பெரிய மீன்களான லேக் ட்ரவுட்டுக்கும் வைட்ஃபிஷ்ஷுக்கும் 8 அங்குலம் வேண்டும். இரண்டு அங்குல வித்தியாசம் சின்னதாகத் தெரியும். துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கமாகக் கூடுவதால், 8 அங்குலத் துளைக்கு 6 அங்குலத்தைவிட முக்கால் பங்குக்கு மேல் கூடுதலான ஐஸை வெட்ட வேண்டும். 10 அங்குலம் என்றால் கிட்டத்தட்ட 2.8 மடங்கு, சிம்கோவில் அதற்குத் தேவை இல்லை. கையால் சுற்றும் 6 அங்குல மோரா போன்ற ஆகர் 20 சென்றிமீற்றர் ஐஸுக்குத் தாராளம், பழுதாக அதில் எதுவும் இல்லை. பெப்ரவரியில் ஐஸ் 50-ஐத் தாண்டும்போதும், மீனைத் தேடி இருபது துளை போட வேண்டியிருக்கும்போதும் தோள் கெஞ்சும். பெற்றோல் ஆகர்களின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. 40 வோல்ற் பற்றரி ஆகர்கள் அருமையானவை, ஆனால் வீட்டில் ஏற்கெனவே ஒரு நல்ல 18 வோல்ற் பிரஷ்லெஸ் ட்ரில் இருந்தால் உங்கள் இரண்டாவது நண்பர் சொல்வதுதான் சிக்கனம்: கே-ட்ரில், ஸ்ட்ரைக்மாஸ்டர் போன்ற ட்ரில்லுக்கென்றே செய்த இலகுவான ஆகர்.

இதில் நடக்கும் பிழைகள் எப்போதும் ஒரே மாதிரியானவை. ட்ரில்லின் சக், அதாவது முனையைப் பிடிக்கும் வாய், அரை அங்குலமாக இருக்க வேண்டும், முறுக்கு விசை 700 அங்குலப் பவுண்டுக்குக் குறையக்கூடாது. வீட்டில் படம் மாட்டும் சின்ன ட்ரில் மூன்றாவது துளையில் புகைவிடும். வேகத்தை 1-இல் வையுங்கள், கிளச் வளையத்தை ட்ரில் குறியில் வையுங்கள். பக்கக் கைப்பிடியைப் பூட்டாமல் தொடவே வேண்டாம். ஆகர் ஐஸில் சிக்கி நின்றால் சுற்றுவது ட்ரில்லும் உங்கள் மணிக்கட்டும்தான். துளைக்கத் துளைக்கச் சக்கின் பிடி தளரும், நாலைந்து துளைக்கு ஒருமுறை இறுக்க வேண்டும். ஆகரின் மேல்பகுதியில் துளையைவிட அகலமான பாதுகாப்புத் தட்டு ஒன்றைப் போடுங்கள். சக் விட்டாலும் ஆகர் தண்ணீருக்குள் போகாது. துளை முடிந்ததும் சுற்றிக்கொண்டே ஒரு தடவை விரைவாக மேலே இழுத்தால் சகதி ஐஸ் வெளியே வந்துவிடும், ஆனால் அந்தத் தண்ணீர் ட்ரில்லின் மேல் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிளேட்டில் படிந்த நீர் காற்றில் உறைந்து மெல்லிய ஓடாகிவிட்டால் அடுத்த துளையில் ஆகர் வழுக்கிக்கொண்டே நிற்கும். பலர் பிளேட் மொட்டை என்று நினைத்து மாற்றுகிறார்கள். ஏரித் தண்ணீரில் முக்கினால் ஓடு இளகிவிடும். ஐஸில் தட்டி உடைக்கப் பார்த்தால்தான் உண்மையிலேயே மொட்டையாகும். சீவும் வகைப் பிளேட்டால் பழைய, பாதி உறைந்த துளையைத் திறக்க முடியாது, பிடித்து இழுத்து உதறும். கொத்தும் வகைப் பிளேட் அதைச் செய்யும்.

ஒரு பற்றரியில் எத்தனை துளை என்பதற்குப் பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்ணிக்கையைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். அது புதுப் பிளேட், மிதமான குளிர், முழுச் சார்ஜ் மூன்றும் சேர்ந்த நாளின் கணக்கு. 5 ஆம்பியர்-மணி பற்றரி இரண்டு எடுத்துப் போங்கள், ஒன்று ட்ரில்லில், மற்றது ஜக்கெட்டின் உள்பையில் உடம்புச் சூட்டில். லித்தியம் பற்றரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது, நிரந்தரமாகக் கெட்டுவிடும். ஏரியிலிருந்து வந்ததும் காரிலேயே செருகாதீர்கள், வீட்டில் ஒன்றிரண்டு மணி நேரம் இருந்து சூடேறிய பிறகு செருகுங்கள்.

இப்போது முதல் நண்பரின் லைவ்ஸ்கோப். 2018-இல் அது வந்த பிறகு ஐஸ் மீன்பிடி மாறிவிட்டது என்பது உண்மை. துளைக்குள் இறக்கிய கம்பைத் திருப்பத் திருப்ப, சுற்றிலும் பல மீற்றர் தூரத்தில் மீன் நகர்வதை அந்தக் கணமே திரையில் பார்க்கலாம், வெறும் இடத்தில் துளை போடும் வேலை மிச்சம். ஆனால் திரை, படத்தை உருவாக்கும் கறுப்புப் பெட்டி, தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி வாங்கும் ட்ரான்ஸ்டியூசர், கம்பம், பற்றரி எல்லாம் சேர்த்தால் உங்கள் மூன்று பேரின் மொத்தக் காசையும் தாண்டும். திரையோடு சேர்த்து ஏறத்தாழ 3 ஆம்பியர் இழுக்கும், ஒரு நாளுக்கு 30 ஆம்பியர்-மணி லித்தியம் பற்றரி வேண்டும். படத்தைப் படிக்கவே ஒரு பருவம் பிடிக்கும். மீனைப் பார்ப்பது ஒன்று, அதை வாய் திறக்க வைப்பது வேறு, இரண்டாவதற்கு அது உதவுவது குறைவு. குழந்தைகள் வந்தால் அவர்களுக்கு அதைவிடப் பெரிய பொழுதுபோக்கு இல்லை, அதை மறுக்கவில்லை.

முதல் வருடத்துக்கு வேண்டியது நேராகக் கீழே பார்க்கும் சாதாரண சோனார். வெக்ஸிலார் வகை வட்ட முக ஃப்ளாஷர் ஆகட்டும், கார்மின் ஸ்ட்ரைக்கர் 4-இன் ஐஸ் தொகுப்பு ஆகட்டும், இரண்டில் எது கைக்கு அடக்கமான விலையில் கிடைக்கிறதோ அது. ஒலி கீழே விரிந்து போகும் கூம்பின் கோணத்தைப் பார்த்து வாங்குங்கள். 20 பாகைக் கூம்பு 10 மீற்றர் ஆழத்தில் மூன்றரை மீற்றர் அகல வட்டத்தைப் பார்க்கும், 25 மீற்றர் ஆழத்தில் அதுவே 8.8 மீற்றர் ஆகிவிடும். அங்கே திரையில் தெரியும் மீன் உங்கள் தூண்டிலுக்கு அருகில்தான் நிற்கிறது என்பதற்கு எந்த நிச்சயமும் இல்லை. 9 பாகைக் கூம்பு அதே 25 மீற்றரில் 3.9 மீற்றர் மட்டுமே பார்க்கும். கெம்பன்ஃபெல்ட் குடாவின் ஆழத்தில் ட்ரவுட்டுக்குப் போனால் குறுகிய கூம்பு, குக்ஸ் குடாவின் ஆழம் குறைந்த தண்ணீரில் பேர்ச்சுக்கு அகன்ற கூம்பு. ட்ரான்ஸ்டியூசர் துளைக்குள் ஐஸின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே, செங்குத்தாகத் தொங்க வேண்டும். சரிந்தால் தூண்டில் திரையிலிருந்து காணாமல் போகும், பலர் கருவி கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுப்பது இதனால்தான். கெயினை, அதாவது உணர்திறனை, முதலில் குறைத்து, உங்கள் ஜிக் (எடை கோத்த சின்னத் தூண்டில்) ஒரு மெல்லிய கோடாகத் தெரியும் வரை மட்டும் கூட்டுங்கள். ஒரே குடிலில் இரண்டு சோனார் ஓடினால் குறுக்கீடு நீக்கும் பொத்தானை அழுத்தாமல் எதுவும் விளங்காது. கருவியோடு வரும் பற்றரி ஈய அமில வகையாக இருந்தால், கடும் குளிரில் அதன் கொள்ளளவு ஏறத்தாழப் பாதிக்கு இறங்கலாம். அடுத்த வருடம் அதை மட்டும் லித்தியத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், கருவி அதேதான்.

குடில் விஷயத்தில் மூன்று பேருக்கு ஹப் வகைதான், குடைபோல் சுவர்கள் வெளியே துள்ளி விரியும் கூடாரம். பனியில் இழுக்கும் ஸ்லெட்டோடு மடிந்து விரியும் வகை இடம் மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு நல்லது, ஆனால் பாரம், மூவருக்கு நெரிசல். இரட்டைத் துணி போட்ட, வெப்பம் காக்கும் வகைக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பது வீண்போகாது, காரணம் சூடு மட்டுமல்ல. ஒற்றைத் துணியில் மூச்சின் ஈரம் கூரையில் உறைந்து, ஹீற்றர் பற்றியதும் தலையில் சொட்டும். ஒன்ராறியோவில் ஐஸ் குடில்களுக்குப் பதிவு எண் எழுத வேண்டும் என்ற விதி பல மீன்பிடி மண்டலங்களில் உண்டு, ஆனால் விரித்தபோது அடிப்பரப்பு 7 சதுர மீற்றருக்கு மிகாத துணிக் கூடாரத்துக்கு அது தேவையில்லை. 94 அங்குலச் சதுரக் கூடாரம்கூட 5.7 சதுர மீற்றர்தான். விரிக்கும்போது முதலில் காற்றடிக்கும் பக்கத்துச் சுவரைத் திறந்து, உடனே அந்தப் பக்க ஆணியை ஐஸில் முறுக்குங்கள், பிறகு மற்றவை. நாலு பக்கமும் விரித்துவிட்டு ஆணியைத் தேடுகிறவர்களின் கூடாரம் அடுத்த கரைக்குப் போய்விடும், சிம்கோவில் அதைத் தடுக்க ஒரு மரம்கூடக் கிடையாது. பெட்டியில் வரும் ஆணிகள் போதாது. ட்ரில்லில் பூட்டி இறக்கக்கூடிய ஆணிகள் குறைந்தது ஆறு வேண்டும்.

ஹீற்றருக்கு, 'பட்டி' (Buddy) என்று விற்கும் கையில் தூக்கும் புரொப்பேன் வகை, மணிக்கு 4,000 முதல் 9,000 பிரித்தானிய வெப்ப அலகு தருவது. 1 பவுண்டு உருளை குறைந்த நிலையில் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும், உச்ச நிலையில் இரண்டரை மணி நேரம்கூட வராது. ஒட்சிசன் குறைந்தால் அணையும் உணரி அதில் இருக்கிறது. கார்பன் மொனொக்சைட்டை அது அளப்பதில்லை, இதைத்தான் மக்கள் குழப்பிக்கொள்கிறார்கள். பற்றரியில் ஓடும் கார்பன் மொனொக்சைட் அலாரம் ஒன்றைக் கூடாரத்தில் தொங்கவிடுங்கள், கூரையின் காற்றுத் துவாரத்தைத் திறந்து வையுங்கள், கீழேயும் ஒரு பக்கம் காற்று வரட்டும், சுவரின் ஓரத்தைப் பனியால் முழுக்க அடைத்துவிடாதீர்கள். கரி அடுப்பை எந்தக் காரணம் கொண்டும் கூடாரத்துக்குள் கொண்டுபோக வேண்டாம். இறைச்சி வாட்ட ஆசை வந்தால் வெளியே. இன்னொன்று, வீட்டில் மேசையில் வைத்துச் சமைக்கும் பியூட்டேன் அடுப்பை எடுத்துப் போய்ப் பிளேன்ரீ வைக்கலாம் என்று நினைப்பீர்கள். பியூட்டேனின் கொதிநிலை -0.5 பாகை, அதற்குக் கீழே உருளைக்குள் அது திரவமாகவே கிடக்கும், அடுப்பு பற்றாது. புரொப்பேனின் கொதிநிலை -42, ஆகவே அது வேலை செய்யும். இல்லாவிட்டால் நல்ல ஃபிளாஸ்க் ஒன்று, அதுவே உத்தமம்.

தடிகளில் அதிகம் செலவழிக்க வேண்டாம். பேர்ச்சுக்கு 26 முதல் 28 அங்குலத்தில், நுனி நன்றாக வளையும் இலகு ரகம், 3 அல்லது 4 பவுண்டுத் தங்கூசி. ட்ரவுட்டுக்கு 36 அங்குலத்துக்கு மேல், நடுத்தரக் கனம், 10 பவுண்டுப் பின்னல் நூலின் நுனியில் மூன்று மீற்றர் ஃப்ளூரோகார்பன் நூல். பின்னல் நூல் தண்ணீரை உறிஞ்சி வளையங்களில் உறையும், ஆகவே கூடாரத்துக்குள் மட்டும். சாதாரணச் சுழல் றீல் நூலை முறுக்கிச் சுற்றுவதால், ஒரு கிராம் ஜிக் தொங்கும்போது பம்பரம்போல் சுழலும். சுழலும் ஜிக்கைப் பேர்ச் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போவது சோனாரில் தெரியும். நூல் நேராகச் சுற்றும் இன்லைன் றீல் இதைத் தீர்க்கும். ஆழத்தில் அது மிக மெதுவாகச் சுற்றும் என்பதால் ட்ரவுட்டுக்குச் சுழல் றீலையே வைத்து, தூண்டிலுக்கு அரை மீற்றர் மேலே, முறுக்கை அவிழ்க்கும் சின்னச் சுழல் இணைப்பு (ஸ்விவல்) ஒன்று போடுங்கள். ஜிக்கில் ஈயத்தைவிட டங்ஸ்ரன் வாங்குங்கள். அதன் அடர்த்தி 19.3, ஈயத்தின் அடர்த்தி 11.3. அதே எடை சிறிய உருவில் வேகமாக இறங்கும், சோனாரிலும் கூர்மையாகத் தெரியும். 4 மில்லிமீற்றரில் நாலைந்து, ஸ்வீடிஷ் பிம்பிள், வில்லியம்ஸ் கரண்டி என்ற உலோகப் போலி இரைகளில் ஒவ்வொன்று இருந்தால் முதல் வருடம் ஓடிவிடும். தூண்டில் பெட்டியை நிரப்பும் ஆசை கடைக்காரருக்கு லாபம், மீனுக்கு அது தெரியாது. பத்துப் பதினைந்து மீற்றர் ஆழத்திலிருந்து இழுத்த பேர்ச்சின் காற்றுப்பை உப்பிவிடும், காற்றை அதனால் வெளிவிட முடியாது, திரும்ப விட்டாலும் பிழைப்பது அரிது. ஆழத்தில் பிடிப்பதானால் பொரிக்கத் தேவையான அளவோடு நிறுத்துங்கள்.

உடுப்பில் ஒரே விதி, தோலில் படுவது பருத்தியாக இருக்கக்கூடாது. ஸ்லெட்டை இழுத்து வேர்த்த பருத்தி பெனியன் உட்கார்ந்ததும் உறைபெட்டி ஆகிவிடும். கம்பளி அல்லது செயற்கை இழை. நடந்து வேர்க்கத் தொடங்கினால் வெளி ஜக்கெட்டைக் கழற்றி ஸ்லெட்டில் போட்டு, அதன்மேல் போட வேண்டிய உயிர்காப்பு அங்கியை உள்ளுடுப்புக்கு மேல் இறுக்கிக் கட்டிக்கொண்டு நடங்கள். சப்பாத்தில் -40, -70 என்று எழுதியிருப்பதை ஒப்பிட்டு வாங்க வேண்டாம், நிறுவனத்துக்கு நிறுவனம் அளக்கும் முறை வேறு. கழற்றி உலர்த்தக்கூடிய உட்காலுறை, ஒரு அளவு பெரிது, தடித்த கம்பளிச் சொக்ஸ் ஒன்று மட்டும். இரண்டு போட்டு இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து இன்னும் குளிரும். கூடாரத்தில் காலடியில் ஒரு நுரைப்பாய் விரியுங்கள், பாதத்தின் சூடு ஐஸுக்குள் போவதைத் தடுக்க அதைவிட மலிவான வழி இல்லை.

கணக்கைச் சேர்ப்போம். விலைகள் கடைக்குக் கடை மாறும், இவை ஒரு மதிப்பீடு: மூன்று சோடி ஐஸ் பிக் 45, ஸ்பட் பார் 70, கயிறு 25, இரும்புப் பற்கள் 90, ட்ரில் ஆகர் 250, சோனார் 400, ஹப் கூடாரம் 450, ஹீற்றர் 150, அலாரம் 40, மூன்று தடியும் றீலும் 180, பிளாஸ்ரிக் ஸ்லெட் 60. மொத்தம் 1760, 13 சதவீத வரியோடு 1989. ட்ரில், உயிர்காப்பு அங்கி இரண்டும் வீட்டில் இருப்பதாக வைத்த கணக்கு இது. இல்லையென்றால் வெட்ட வேண்டியது சோனாரை, அங்கியை அல்ல. சோனார் இல்லாமலும் மீன் பிடிக்கலாம், ஈயக்குண்டைத் தரை தட்ட விட்டு அரை மீற்றர் தூக்கினால் பேர்ச் அங்கேதான் இருக்கும். 18 முதல் 64 வயதுக்குள் இருப்பவர்களுக்கு வெளிப்புற அட்டையும் (Outdoors Card) மீன்பிடி உரிமமும் தனிச் செலவு. உயிருள்ள சிறு மீன் இரையை ஏரிக்குப் பக்கத்துக் கடையில் வாங்கி ரசீதை வைத்திருங்கள், மிஞ்சியதையும் அந்தத் தண்ணீரையும் ஏரியிலோ கரைக்கு 30 மீற்றருக்குள்ளோ கொட்டுவது சட்டவிரோதம். போட்ட தூண்டில் எதிலிருந்தும் 60 மீற்றருக்குள், அது கண்ணுக்குத் தெரியும்படி நீங்கள் இருக்க வேண்டும். எத்தனை தூண்டில், எந்த மீனுக்கு எப்போது காலம், எத்தனை எடுக்கலாம் என்பதற்கு அந்தந்த வருடத்து ஒன்ராறியோ விதிக் கையேட்டில் சிம்கோவுக்கென்று உள்ள பகுதியைத்தான் நம்ப வேண்டும், என்னையோ கடைக்காரரையோ அல்ல.

எப்போது போகலாம் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆழம் குறைந்த குக்ஸ் குடா முதலில் உறையும், நடு ஏரி சில வாரம் பிந்தும். பேரேரிகளில் ஐஸ் மிகக் குறைந்திருந்த 2023-24 போன்ற இளஞ்சூடான குளிர்காலம் வந்தால் வாங்கியதெல்லாம் கராஜில் தூங்கும். அதனால் முதல் இரண்டு முறை, குடில்காரர்கள் ஏற்கெனவே ஆட்களை ஏற்றிப்போகும் குடாவில், அவர்களிடம் அன்றைய தடிப்பையும் வெடிப்பு இருக்கும் இடத்தையும் கேட்டுவிட்டு, கரைக்குக் கிட்டவே இறங்குங்கள். கரையிலிருந்து ஏரியை நோக்கிக் காற்றடிக்கும் நாளில், ஏற்கெனவே வெடிப்பு ஓடியிருந்தால், அதைத் தாண்டிப் போகவே வேண்டாம். காலையில் ஒரே அடியில் தாண்டிய வெடிப்பு மாலையில் மூன்று மீற்றர் தண்ணீராகத் திறந்திருக்கும். லைவ்ஸ்கோப்பை இன்னும் விட மனமில்லை என்றால் மார்ச் நடுப்பகுதி வரை பொறுங்கள். கடைகள் ஐஸ் சாமான்களைக் கழிவு விலையில் தள்ளுவதும், அடுத்த மாதிரிக்கு மாறுகிறவர்கள் பழையதை விற்பதும் அப்போதுதான். பழையதை வாங்கும்போது கேபிளின் இரண்டு முனைகளையும் வளைத்துப் பாருங்கள், ஐஸ் துளையின் விளிம்பில் உரசி முதலில் போவது அதுதான்.